ஒரு புகார்க் கடிதத்தின் விலை

போன வாரம் என் அக்கா மகன் பாரீஸிலிருந்து வந்திருந்தான். மாலையில் அவனையும் அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கப் போனேன். தினமும் என்னோடு நடக்கும் நண்பர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, அவன் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து விலை கேட்டார். சீக்கோ கம்பெனியின் எல்.எக்ஸ். வரிசை டைவர் வாட்ச். சுமார் 6,000 டாலர். நம் பணத்தில் ஐந்து லட்சம்.

"சீக்கோவுக்கா ஐந்து லட்சம்? அந்தக் காலத்துல சிங்கப்பூர்லேருந்து வர்றவங்க கட்டிக்கிட்டு வருவாங்களே, அதே சீக்கோவா? இந்தக் காசுக்கு சுவிஸ் வாட்சே வாங்கியிருக்கலாமே தம்பி!" என்றார்.

பையன் சிரித்துச் சமாளித்துவிட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது. நண்பர் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கம் இருக்கும் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். நேரம் பார்க்க இரண்டாயிரம் ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரம் போதும். 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்கிறார்கள். என் மருமகன் நீச்சல் குளத்தைத் தாண்டியதில்லை. நிஜமாகவே கடலுக்குள் போகிறவர்கள்கூட இன்று கையில் கட்டுவது டைவ் கம்ப்யூட்டரைத்தான். கடைக்காரர் சொல்லும் காரணங்களை மட்டும் கேட்டால் ஐந்து லட்சம் வீண் செலவுதான்.

ஆனால் நண்பர் அந்தக் காரணத்துக்காகக் குறை சொல்லவில்லை. அதே ஐந்து லட்சத்தில் சுவிஸ் பெயர் இருந்தால் அவருக்குச் சம்மதம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சில் கைக்கடிகாரத்துக்கு 'மோந்த்ர்' என்று பெயர். 'காட்டு' என்ற வினையிலிருந்து வந்த சொல். நேரத்தைக் காட்டுவது என்பது பொருள். நண்பருக்கு அது ஊருக்குக் காட்டுவது.

டைவர் வாட்ச் ஊருக்குக் காட்டப் பிறந்ததல்ல. 1953-இல் பிரெஞ்சுக் கடற்படையின் மூழ்கு வீரர்களுக்காக பொப் மலூபியே என்ற அதிகாரி கேட்டதற்கேற்ப சுவிஸ் கம்பெனி பிளாங்பேன் செய்து கொடுத்தது முன்னோடிகளில் ஒன்று. சுற்றி இருக்கும் வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்ப்பார்கள். கணக்குத் தப்பினால் மூச்சுக் காற்று தீர்ந்துவிடும். ஜப்பான்காரர்கள் பன்னிரண்டு வருடம் பிந்தித்தான் வந்தார்கள். சீக்கோவின் முதல் டைவர் வாட்ச் 1965-இல் வந்தது. 150 மீட்டர் தாங்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 1968-இல் சீக்கோவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹிரோஷிமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தொழில்முறை டைவர். 350 மீட்டர் ஆழத்தில் நாட்கணக்காகத் தங்கி வேலை செய்யும்போது இப்போதுள்ள கடிகாரங்கள் தாங்குவதில்லை என்பது புகார்.

நண்பர்களே, நான் முப்பத்து மூன்று வருடம் அரசாங்க குமாஸ்தா. புகார்க் கடிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெரியவர் மனு கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவில் அவர் பெயர் ஒரு மாதிரி, பிந்தைய காகிதங்களில் வேறு மாதிரி. ஒரே ஆள்தான் என்று எழுதித் தர வேண்டும். 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதி அடுத்த பிரிவுக்குத் தள்ளினேன். அது திரும்பி வந்தது. மறுபடி தள்ளினேன். மூன்று நினைவூட்டல் எழுதியவர் நான்காவது எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

சீக்கோ அந்தக் கடிதத்தைத் தள்ளவில்லை. ஏழு வருடம் உழைத்தது. ஆழ்கடல் வேலைக்காரர்கள் அழுத்த அறையில் தங்கி ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. ரப்பர் வளையத்தைத் தாண்டி கடிகாரத்துக்குள் புகுந்துவிடும். மேலே வரும்போது வெளி அழுத்தம் குறைய, உள்ளே இருப்பது விரிந்து கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறும். சுவிஸ்காரர்கள் ஹீலியம் வெளியேற பக்கவாட்டில் ஒரு வால்வு வைத்தார்கள். திருடன் தப்பிக்க ஒரு ஜன்னல். ஜப்பான்காரர்கள் திருடன் நுழையவே முடியாதபடி செய்தார்கள்: பின்மூடி இல்லாத ஒரே துண்டு உடல், 'எல்' வடிவ அடைப்பு வளையம். 1975-இல் வந்த அந்தக் கடிகாரம் 600 மீட்டர் தாங்கும். டைட்டானியத்தில் செய்யப்பட்ட உலகின் முதல் டைவர் வாட்ச் அதுதான். ஆழத்தில் நீர்ப்புகா உடை அமுங்கி, பட்டை தொளதொளத்துப் போகும் என்று பட்டையில்கூட துருத்தி போல மடிப்பு வைத்தார் அதை வடிவமைத்த இக்குவோ தொக்குநாகா.

'அது 1975 கதை, பையன் கட்டியிருப்பது வேறு' என்பார் நண்பர். சரி. இவன் கடிகாரத்துக்குள் இருப்பது ஸ்பிரிங் டிரைவ். பேட்டரி கிடையாது, சாவிச் சுருளின் சக்தியிலேயே ஓடி, அதிலேயே துளி மின்சாரம் எடுத்து, குவார்ட்ஸ் படிகத்தை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மாதத்துக்குப் பதினைந்து வினாடிதான் பிசகும். யோஷிகாசு அகாஹானே என்ற பொறியாளருக்கு 1977-இல் தோன்றிய யோசனை. விற்பனைக்கு வந்தது 1999-இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஏழு வருடம் ஒரு கடிதத்துக்கு, இருபத்திரண்டு வருடம் ஒரு யோசனைக்கு. அதே பழக்கம்தான்.

இதே கம்பெனி முகப்பின் நிறத்தை மாற்றி, 'இத்தனை மட்டுமே' என்று எண் போட்டு, கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். நிறத்துக்குக் கொடுப்பது வீண் காசு. யாரும் பார்க்காத அடைப்பு வளையத்துக்குக் கொடுப்பது நியாயமான விலை.

எனவே நண்பரே, அடுத்த தடவை விலையைக் கேட்டதும் பெயரைப் பார்க்காதீர்கள். இதைச் செய்தவன் யாருடைய குறையைக் காதில் வாங்கினான், எத்தனை வருடம் உட்கார்ந்து பதில் தேடினான் என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவரின் மனுவை முடிக்க ஏழு வருடம் தேவைப்பட்டிருக்காது. ஒரு பிற்பகல் போதும்.