நான்கு இலக்கச் சோம்பல்

புதுப் போன் வாங்கிய அன்றே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிறோம், கவர் போடுகிறோம், கைரேகை பதிகிறோம், பேட்டர்னும் வைக்கிறோம். உள்ளே நகத்தளவு கிடக்கும் சிம்முக்கு மட்டும் எதுவும் செய்வதில்லை. வங்கி, ஆதார், கேஸ் பதிவு, வாட்ஸ்அப் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு நம்பரில் கட்டிவைத்தவர்களும் நாம்தான்.

நம் கைரேகையோடு திருடன் மல்லுக்கட்டத் தேவையில்லை. ஒரு குண்டூசியால் சிம்மை வெளியே எடுத்துத் தன் போனில் போட்டால் போதும், நமக்கு வர வேண்டிய ஓடிபி அவனுக்கு வரும். இரண்டடுக்குப் பின் வைக்காத வாட்ஸ்அப் கணக்கு அவனுக்குத் திறந்துகொள்ளும். கைப்பையே பறிபோயிருந்தால் டெபிட் கார்டும் அவனிடம் இருக்கும். கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், ஓடிபி: புதிய யுபிஐ பின் அமைக்கப் பல வங்கிகள் கேட்பவை இவைதான். “போனில்தான் லாக் இருக்கிறதே” என்று நாம் நம்பியிருந்த லாக், சிம்மைக் காக்கவே இல்லை.

மருந்து புதிதும் அல்ல. 1991இல் ஜெர்மனியின் கீசெக் அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் முதல் சிம் கார்டுகளைச் செய்தது. ஜிஎஸ்எம் தரநிலையிலேயே சிம்முக்கு நான்கு முதல் எட்டு இலக்கம் வரை பின் வைக்க வழி உண்டு. அதை இயக்கிவிட்டால், போனை அணைத்துப் போடும்போதும் வேறு போனில் செருகும்போதும் சிம் அந்த எண்ணைக் கேட்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பிறகு எட்டு இலக்க பியுகே எண் வேண்டும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. அதன்பின் வளர்ந்த தலைமுறைகளில் எத்தனை பேர் இந்த வசதியைத் தொட்டிருக்கிறோம்?

நாம் சொல்லிக்கொள்ளும் சாக்குகளையும் பார்ப்போம். “ஒவ்வொரு தடவையும் யார் போடுவது?” என்கிறோம். போனை அணைத்துப் போடுவதே எப்போதாவதுதான். “மறந்துபோகும்” என்கிறோம். ஏடிஎம் பின் மட்டும் மறக்காமல் இருக்கிறது. பியுகே எண் அச்சிட்ட அட்டையை சிம்மைப் பிய்த்த கையோடு குப்பையில் போட்டோம். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பும் பணம் அனுப்பவும் கற்றுக்கொடுத்த நாம், அவர் சிம்மைப் பூட்டித் தரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் தங்கள் போனோடு நிறுத்திக்கொண்டோம். எழுதுகிறவர்கள் பணம் போன கதையை எழுதினோம், ஏமாந்தவரைக் கடிந்தோம், முன்கூட்டியே சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

இந்தப் பின் எல்லாவற்றையும் காக்கும் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நம் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கும் மோசடியை இது தடுக்காது. பூட்டிய திரையிலேயே ஓடிபி தெரியும்படி விட்டிருந்தால், திருடன் சிம்மைக் கழற்றவே வேண்டாம். இரவில் போன் தானாக அப்டேட் ஆகி மீண்டும் இயங்கினால், பின் போடும்வரை அழைப்பு வராது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ அல்லது ‘சிம் பின்’ என்று தேடுங்கள். அது முதலில் கேட்பது சிம் தந்த நிறுவனம் வைத்த பழைய பின்னை. 0000, 1234 என்று குருட்டாம்போக்கில் அடிக்காமல் கஸ்டமர் கேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இயக்கியதும் அந்த எண்ணை மாற்றுங்கள். அதை அப்படியே விட்டால் பூட்டு பெயருக்குத்தான். பியுகே எண்ணை வீட்டு நோட்டில் எழுதிவையுங்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி மறையுங்கள். போன் தொலைந்தால் முதல் வேலை சிம்மை முடக்கச் சொல்வது. சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்குவது போனைத்தான் தடுக்கும், சிம்மை அல்ல. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டில் எத்தனை சிம் இருக்கிறதோ அத்தனையையும் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பூட்டிவிடலாம். பெரியவர்களின் போனிலிருந்து தொடங்குவோம். அவர்களுக்குத்தான் நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம்.