கைத்தொழில் விளக்கம்: சிம்னி ஏன் விரிகிறது?

மண்ணெண்ணெய் விளக்கே கதியென்றிருந்த நாட்களில், சிம்னி விரிந்து போனால் வீட்டில் எழும் ரகளையைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடைசியாக அதைத் துடைத்த சிறுமியின் தலையில்தான் பழி விழும். பல சமயங்களில் குற்றம் அவளுடையதன்று. சிம்னி பிறந்த உலைக்களத்தினுடையது.

மணலும் சோடாவும் சுண்ணாம்பும் மூசையில் உருகிப் பாகாகின்றன. நான்கைந்து அடி நீளமுள்ள இரும்பு ஊதுகுழலின் நுனியைப் பாகில் தோய்த்துச் சுழற்றி, ஓர் உருண்டை எடுக்கிறான் தொழிலாளி. அதுமுதல் சுழற்றுவதை அவன் நிறுத்தலாகாது. நிறுத்தினால் பாகு ஒருபுறமாகத் தொங்கிவிடும். அடுத்தபடியாக வழவழப்பான இரும்புப் பலகையில் அதை உருட்டுகிறான். இதற்கு மேனாட்டார் வைத்த பெயர் ‘மார்வர்’. ஆதியில் சலவைக்கல்லாக இருந்தபடியால், அக்கல்லின் பிரெஞ்சுப் பெயரே திரிந்து இதற்கு வந்தது. பலகையில் உருளும்போது பாகின் மேற்புறம் சற்றே குளிர்ந்து ஒழுங்குபடுகிறது.

பிறகுதான் ஊதுதல். கன்னம் புடைக்க ஊத வேண்டுமென்று எண்ணுகிறோம், அது தவறு. சிறிது ஊதிக் குழலின் வாயைக் கட்டைவிரலால் மூடினால், உள்ளே சென்ற காற்று சூட்டில் விரிந்து தானே குமிழாகிறது! ஜாடி செய்வதானால், அதன் அடியில் ‘பான்டில்’ என்னும் கெட்டிக் கோலை ஒட்டிக் குழலைப் பிரித்துவிட்டு, வாயைத் திரும்பச் சூடாக்கி விரிப்பார்கள். பழைய ஜாடிகள் சிலவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்த வடு தெரியும். சிம்னிக்கோ அச்சு உண்டு. ஈரமான அச்சுக்குள் குழலைச் சுழற்றியவாறே ஊதுவதால் பொருத்துத் தழும்பு விழுவதில்லை. பின்னர் இரு முனைகளையும் அறுத்து, அனலில் காட்டி மழுங்கச் செய்வார்கள்.

இனி வருவதுதான் முக்கியம். கண்ணாடியின் வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுகும்; உட்புறம் பிந்திச் சுருங்கும். இந்த இழுபறி நீங்க, சுமார் 500 சென்டிகிரேட் டிகிரிச் சூட்டில் வைத்து மெள்ள மெள்ள ஆற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆற்றிய சிம்னி கடையில் பளபளவென்றுதான் இருக்கும். வீட்டில் திரியைச் சற்றுத் தூண்டினால் ‘படீர்’!

இத்தனை பழக்கமும் விலைக்குக் கிடைப்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டில் நவீன முறையில் தோன்றிய கண்ணாடித் தொழிற்சாலைகளுட் பல நொடித்துப் போயின. அந்தாஜி காளே என்பவர் ஆளுக்கு ஒரு பைசாவென்று தண்டிச் சேர்த்த நிதியைக் கொண்டு, திலகரின் ஆதரவுடன், 1908-இல் புனாவுக்கு அருகே தளேகாவில் எழுந்த ஆலை வேறு வழியில் சென்றது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பயின்று வந்த ஈசுவரதாஸ் வார்ஷ்ணே அதில் முன்னின்று உழைத்தார். கண்ணாடி விற்பதோடு நில்லாமல், நம்மவருக்குத் தொழிலையும் கற்பித்தார்கள். பைசாவைச் செலவிட இதைவிட நல்ல வழி ஏது?

1916-இல் கராடுக்கு அருகே ஓகலே சகோதரர்களும் ஓர் ஆலை தொடங்கினார்கள். ‘பிரபாகர்’ லாந்தர் அவர்களுடையதே. அந்தச் சுதேசிச் சிம்னியைத் துடைத்த சிறுமிகளும் திட்டு வாங்கித்தான் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.