கம்பளம் அலசிய தண்ணீர் கடைமடைக்கு வேண்டாம்

முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் காரைக்கால் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு வாய்க்கால் ஓரம் போய்ப் பாருங்கள். மண்டபத்தில் விரித்த ஜமக்காளம், மேடையில் போட்ட சிவப்புக் கம்பளம், பந்தல் கடைக்காரரின் நாற்காலி உறைகள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். சோப்புத்தூளைக் கொட்டி, காலால் மிதித்து, மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அலசுவார்கள். நுரையும் கறுப்புத் தண்ணீரும் வாய்க்காலில் இறங்கும். நகரத்திலும் திருநள்ளாற்றிலும் உள்ள விடுதிகளின் கம்பளங்களை எடுத்துச் சென்று கழுவித் தருவதும் இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. தொழிலைக் குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

"வாய்க்காலில் நாலு குடம் சோப்புத் தண்ணீர் கலந்தால் என்ன ஆகிவிடும்?" என்று ஒரு விவசாயியே என்னிடம் கேட்டார். சம்பா பருவத்தில் ஆறு நிறையத் தண்ணீர் ஓடும்போது கேட்டிருந்தால் ஓரளவு ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் அடைக்கப்படுகிறது. தை, மாசி, வைகாசிக் கல்யாணங்கள் பெரும்பாலும் அடைத்த பிறகுதான். அப்போது அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு எதிலும் சொல்லும்படியான ஓட்டம் இருக்காது. கிளை வாய்க்கால்களில் நிற்பது வீட்டுச் சாக்கடையும் இந்த அலசல் தண்ணீரும்தான். கலந்து நீர்க்கச் செய்ய ஆற்று நீர் இல்லை. அதே சமயத்தில்தான் வயலில் உளுந்தும் பயறும் நிற்கின்றன. காயப்போகிற பயிருக்கு ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும் என்று இயந்திரம் வைத்து இறைத்துவிடுகிறோம். உப்பையும் களரையும் நெல் கொஞ்சம் பொறுக்கும், பருத்தி இன்னும் கூடப் பொறுக்கும். உளுந்து பொறுக்காது.

நுரையைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். நுரை தரும் பொருளைக் காற்றோட்டம் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் சிதைத்துவிடும். நீர் கட்டிய சேற்றில் அது மெதுவாகத்தான் நடக்கும், இருந்தாலும் நுரை எனக்கு இரண்டாவது கவலைதான். முதல் கவலை சோடியம். எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்காது.

மலிவான சோப்புத்தூளில் சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட், கணிசமாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு என்று தனியாகவும் சோடா போடுவார்கள். 1 கிலோ சோடா ஆஷில் ஏறத்தாழ 430 கிராம் சோடியம் இருக்கிறது. இதை மண்ணில் ஈடுகட்டச் சுமார் 1.6 கிலோ சுத்தமான ஜிப்சம் வேண்டும். கழுவுகிறவர் வாங்கும் ஒவ்வொரு கிலோ சோடாவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஜிப்சம் வாங்கும் செலவு வயல்காரர் தலையில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2004 சுனாமியில் நம் கடலோர வயல்களில் கடல் நீரே ஏறியது, அதிலிருந்தே மீண்டோமே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் சாதாரண உப்பு. வடிகால் இருந்தால் மழை நீரில் கரைந்து போகக்கூடியது. கார்பனேட் அப்படியில்லை. மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கரையாத பொருளாக மாற்றிவிடும். சுண்ணாம்பு விலகிய இடத்தில் களித்துகளோடு சோடியம் ஒட்டிக்கொள்ளும். பிறகு நம் களிமண் ஈரத்தில் குழம்பாகும், காய்ந்தால் பாறையாகும், தண்ணீர் உள்ளே இறங்காது. மண்ணின் பி.எச். 8.5-ஐத் தாண்டி, மாற்றத்தக்க சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் போனால் அது களர் நிலம். அந்த நிலத்தில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். துத்தநாகம் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. இலை வெளுத்தால் மேலும் ஒரு மூட்டை உரம் போடுகிறோமே தவிர, தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை.

நொய்யலில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீர் தேங்கியதால், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் நீரே கீழே உள்ள விவசாயிகளுக்கு வேண்டாத நீராகிவிட்டது. வழக்குகள் பல ஆண்டுகள் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த அளவோடு நம் ஊர்க் கம்பளச் சலவையை ஒப்பிடுவது மிகை என்று எனக்கும் தெரியும். ஆனால் அங்கேயும் சாயம் கண்ணுக்குத் தெரிந்தது, நிலத்தைக் கெடுத்த உப்பு தெரியவில்லை. நாம் இருப்பதோ கடைமடை. மேலே யார் எதைக் கரைத்தாலும் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான்.

கழுவுகிறவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கம்பளத்தின் அழுக்கில் பெரும்பங்கு வெறும் மண்ணும் தூசியும்தான். நன்றாகத் தட்டி உதறி, முடிந்தால் தூசி உறிஞ்சும் இயந்திரம் போட்ட பிறகு நனைத்தால் சோப்பும் தண்ணீரும் குறையும். வாய்க்கால் கரையை விட்டு, சரிவான சிமெண்ட் தளத்தில் அலச வேண்டும். வாயில் வலை கட்டினால் நூலும் முடியும் நிற்கும். செயற்கை இழைக் கம்பளத்தின் நூல் மண்ணில் மக்கவே மக்காது. சோப்பு ஏறிய முதல் அலசல் நீரைத் தனியாகப் பிரிப்பதுதான் முக்கியம். அளவு குறைவு, சோடியம் பெரும்பாலும் அதில்தான். அதை அடிப்பகுதி பூசிய ஆழமில்லாத தொட்டியில் விட்டால் நம் ஊர்க் கோடை வெயிலே வற்றவைத்துவிடும். மிஞ்சும் கசடை மூட்டையாகக் கட்டிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பலாம், வயலுக்கு எருவாக வேண்டாம். பிந்தைய அலசல் நீரை ஒரு நாள் தெளியவிட்டுத் தென்னைக்குப் பாய்ச்சலாம், அதுவும் ஒரே மரத்துக்குத் தினமும் அல்ல. கழிப்பறைத் தொட்டியில் விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். கல்வாழை வைத்துச் சுத்திகரிக்கலாம் என்கிறார்கள். அழுக்குக்கும் துர்நாற்றத்துக்கும் அது உதவும், சோடியத்துக்கு உதவாது.

நிலத்தில் விடும் கழிவுநீருக்கு மத்திய அரசின் பொதுத் தர நிர்ணயம் உண்டு. பி.எச். 5.5 முதல் 9 வரை, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பந்தல் கடையையும் அளந்துகொண்டிருக்க யாராலும் முடியாது. கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆளுக்கொரு பொதுச் சலவைத் தளமும் வற்றல் தொட்டியும் கட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு, தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது அதைப் பயன்படுத்துவதை நிபந்தனையாக்கலாம். தடை போடுவதைவிட இது நடக்கக்கூடிய காரியம் என்பது என் கருத்து.

ஏற்கெனவே இப்படிப்பட்ட நீரைப் பாய்ச்சி வந்தவர்கள், இந்தக் கோடையிலேயே மண்ணையும் நீரையும் சேர்த்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். நீர் அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவிலன்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை, 2.5-ஐத் தாண்டினால் அந்த நீர் பாசனத்துக்கு ஆகாது. மண் களராகியிருந்தால் அறிக்கை சொல்லும் அளவு ஜிப்சம் இட்டு, மழைநீரையோ ஆற்று நீரையோ தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். அடுத்த சம்பாவுக்குத் திருச்சி 3 போன்ற களர் தாங்கும் ரகம் ஏற்றதா என்று காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்தில் அறிக்கையோடு போய்க் கேளுங்கள். வடிகால் தூர்ந்திருந்தால் ஜிப்சம் வாங்குவதற்கு முன் அதை வெட்டிவிடுங்கள்.