குதிரைத்திறன் என்னும் மூடநம்பிக்கை

சொந்தக் காரைப் பந்தயத்தளத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களிடம் நான் கேட்டுச் சலித்த கேள்வி ஒன்று உண்டு. எஞ்சினிலிருந்து இன்னும் இருபது குதிரைத்திறன் எடுக்க என்ன செலவாகும்? பெரும்பாலும் காரை ஒருமுறைகூடத் தளத்தில் இறக்காதவர்களே இதைக் கேட்கிறார்கள். விற்பனையாளர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், அகன்ற வாயுள்ள சைலென்சர், எஞ்சின் கணினிக்குப் புதிய நிரல், கையில் பணம் மிச்சமிருந்தால் டர்போ. கேள்வியே பிழை என்பது என் கட்சி. குறைந்த செலவில் காரை வேகமாக்க நினைப்பவன் கடைசியாகத் தொடவேண்டிய உறுப்பு எஞ்சின்.

பொதுவாகப் பேசினால் வெறும் வாய்ச்சவடாலாகிவிடும். ஒரு காரை முன்னால் நிறுத்துவோம். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறைக் காரில் 1.6 லிட்டர் எஞ்சின், திறன் சுமார் 115 குதிரை, எடை ஏறத்தாழ ஒரு டன். இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றில் இதைவிட வலிய எஞ்சின் இருக்கிறது. ஆயினும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வார இறுதியில் தளத்துக்குப் போகிறவர்கள் இந்தப் பழைய காரைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். காரணம் அதன் எஞ்சினில் இல்லை.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஐம்பது மீட்டர் ஆரமுள்ள வளைவில், டயரின் பிடிப்புக் கெழு 1 என்று வைத்துக்கொண்டால், கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப முடியும். பத்து விழுக்காடு கூடுதல் பிடிப்புள்ள டயரை வாங்கி மாட்டினால் அது 84 ஆகும். இப்போது டயரை மாற்றாமல் பாதையை மட்டும் மாற்றுவோம். தளத்தின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு விரிந்து சென்று, கார் வரையும் வில்லின் ஆரத்தை அறுபது மீட்டராக்கினால் வேகம் 87. முந்தையதற்கு நான்கு டயர்களின் விலை. பிந்தையதற்கு, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளும் பணிவு. எதற்குத் தட்டுப்பாடு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எஞ்சின் கட்சிக்காரர்களின் கணக்கு எப்படி? காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் கன மடங்காக ஏறுகிறது. உச்ச வேகத்தைப் பத்து விழுக்காடு உயர்த்த, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். அதற்கு அந்தக் கூம்பு ஃபில்டர் என்ன செய்யும்? தக்க தடுப்பில்லாமல் பொருத்தினால், எஞ்சின் அறைக்குள்ளிருக்கும் சூடான காற்றையே அது உறிஞ்சும். காற்று மூன்று பாகை சூடேறினால் அடர்த்தி ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். காசு கொடுத்துத் திறனைக் குறைத்துக்கொண்டு, கூடுதல் உறுமலைக் கேட்டு மகிழ்கிறார்கள்.

இவை பணம் வீணாவதைப் பற்றிய செய்திகள். உயிரைப் பற்றியது வேறு.

இங்கிலாந்தில் வாழும் நண்பர் ஒருவரின் எம்எக்ஸ்-5-இல், பழைய விமானத்தளத்தில் அமைந்த பந்தயத்தளம் ஒன்றைச் சுற்றிவந்தேன். அவ்வாண்டு சைலென்சருக்கும் அலங்காரச் சக்கரங்களுக்கும் தாராளமாகச் செலவழித்திருந்தார். நான்காவது சுற்றில், நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தார். மிதி தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. தளம் அகலமானது, வளைவுக்கு அப்பால் புல்வெளி. உழுதுகொண்டு போய் நின்றோம். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பிரேக் திரவத்தை எப்போது மாற்றினீர்கள் என்று பிறகு கேட்டேன். கார் வாங்கியதிலிருந்து மாற்றியதில்லை என்றார்.

மணிக்கு 160 கிலோமீட்டரில் வரும் ஒரு டன் காரை 60-க்குக் குறைக்கும்போது, பிரேக்குகளில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சில விநாடிகளுக்குள் நிகழ்கிறது இது. ஒவ்வொரு சுற்றிலும் சிலமுறை. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச்சிறுக உறிஞ்சும் இயல்புடையது. மூன்றரை விழுக்காட்டைச் சற்றே தாண்டி நீர் சேர்ந்தால், தர அளவுகோல் கேட்கும் கொதிநிலை 155 மட்டுமே. கொதித்த இடத்தில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதியில் நாம் கொடுக்கும் விசை முழுவதும் குமிழை நசுக்குவதில் செலவாகிவிடும். அன்று எங்களுக்கு நேர்ந்தது இதுதான். முந்நூறு பாகையைத் தாண்டும் பந்தயத் திரவம் ஒரு புட்டியும், வெப்பத்தில் பிடிப்பை இழக்காத பிரேக் பேடுகளும் சேர்ந்தால்கூட அவருடைய சைலென்சரின் விலையை எட்டியிருக்காது. பிரேக்கை நம்பக்கூடியவன் பத்து மீட்டர் தள்ளி மிதிக்கலாம். சுற்று நேரமும் அங்கே குறைகிறது.

அடுத்து, சக்கரங்களின் சாய்வு. வளைவில் கார் ஒருபுறம் சாயும்போது டயரின் வெளி விளிம்பில்தான் பளு முழுவதும் ஏறுகிறது. சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்துவைத்தால் டயரின் முழு அகலமும் தரையில் படியும். எம்எக்ஸ்-5-இன் நான்கு சக்கரங்களிலும் இதைத் திருத்தும் வசதியைத் தொழிற்சாலையே வைத்திருக்கிறது. எதையும் வாங்கவேண்டாம், அலைன்மென்ட் கூலி போதும். காற்றழுத்தத்தைத் தளத்திலிருந்து வெளியே வந்த சூட்டிலேயே அளந்து திருத்துவதற்கு அந்தக் கூலியும் இல்லை.

எடைக்கு வருவோம். கதையின் முதல் இரண்டு பத்திகளை வெட்டிவிடச் சொல்லும் பத்திரிகையாசிரியர்களை நாம் அறிவோம். லோட்டஸின் காலின் சாப்மன் அந்த இனம். 1957-இல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரில் கழற்றுவதற்கு மிச்சம் எதுவுமே கிடையாது. 1963-க்கும் 1978-க்கும் இடையில் லோட்டஸ் ஏழு ஃபார்முலா ஒன் அணிப் பட்டங்களை வென்றது. அவருடைய கார்கள் உடைந்துபோகும் அளவுக்கு மெலிந்தவை என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதை நான் மறுக்கமாட்டேன். நமக்கு அவ்வளவு துணிவு வேண்டாம். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் மூட்டைகளை இறக்கினால் போதும். இருக்கைப்பட்டையிலும் ஏர்பேகிலும் கைவைக்காதீர்கள்.

நம்மூரிலும் இதை உணர்ந்தவர் இருந்தார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் திறக்கப்படும்வரை சென்னையின் பந்தயங்கள் சோழவரத்தின் விமான ஓடுதளத்தில் நடந்தன. அந்தக் காலத்துக் கோவைக்காரர் எஸ். கரிவரதன், எளிதாகக் கிடைத்த சிறிய மாருதி எஞ்சினை எடுத்து, எடை குறைந்த ஒற்றை இருக்கைக் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. வெளிநாட்டு எஞ்சின் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்தக் கார்களில் பழகியவர்தான், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன்.

நேர்பாதையில் மற்றவர்கள் என்னைக் கடந்து போகிறார்களே என்பார்கள். போகட்டும். நேர்பாதை தொடங்குவது முந்தைய வளைவின் முடிவில். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் கூடுதல் வேகத்தோடு வெளியேறியவன் அதைப் பாதை நெடுகச் சுமந்துசெல்கிறான். இதற்குமேலும் கடந்துபோனால், கண்ணாடியில் பார்த்து வழிவிடுங்கள். இவற்றையெல்லாம் செய்து, பல பருவங்கள் ஓட்டி, நேரம் இனிக் குறையவே மறுக்கும் நிலைக்கு வந்தவன் எஞ்சினைத் திறக்கட்டும். அவனோடு எனக்கு வழக்கில்லை.

நண்பர் இப்போது திரவத்தையும் பேடுகளையும் மாற்றிவிட்டார். பாதி நாள் ஒரு பயிற்சியாளரையும் உடன் அமர்த்திக்கொண்டார். அடுத்தமுறை அவரோடு துணிந்து போனேன். தளத்தின் வாசலில் ஒலி அளக்கும் கருவியோடு ஒருவர் நின்றிருந்தார். பிரிட்டனின் பல தளங்களில் ஒலிவரம்பு உண்டு. சைலென்சரைக் கேட்டதும் எங்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.