விரைந்து திறக்கும் வாயிலும் வினவி நிறுத்தும் வாயிலும்



மலையூர்களில் புதியவர் ஒருவர் எதிர்ப்பட்டால், "எந்த ஊர்? யார் வீட்டுக்கு?" என்று கேட்பார்கள். நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் கொல்லிமலையில், "எந்த நாடு?" என்ற கேள்வியும் அதனோடு சேரும். பெரக்கரை நாட்டாரா, வளப்பூர் நாட்டாரா என்று அறிந்துவிட்டால் பேச்சு எளிதாகிவிடும். தெரிந்தவருக்குக் கேள்வி இல்லை. தெரியாதவருக்கு விடை சொல்லும்வரை வழி இல்லை. இதே கேள்வியைத்தான் விமான நிலையத்தில் அரசும் கேட்கிறது. அங்கே யார் தெரிந்தவர், யார் தெரியாதவர் என்பதை எண்ணிப் பார்ப்பது, பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் நமது இல்லங்களுக்கு இன்றியமையாதது.

2024 ஜூன் 22 அன்று தில்லி விமான நிலையத்தில் 'நம்பகமான பயணியர் திட்டம்' ஒன்றை நடுவண் அரசின் உள்துறை தொடங்கிற்று. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட மேலும் ஏழு நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி உள்ளிட்ட ஐந்து நிலையங்களுக்கும் அது விரிந்தது. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளி அட்டை பெற்றோரும் இதில் சேரலாம், கட்டணம் இல்லை. முன்னரே விண்ணப்பித்து, கைரேகையும் முகப்படமும் பதிவு செய்தவர், விமானச் சீட்டையும் கடவுச்சீட்டையும் இயந்திரத்தில் காட்டினால் போதும். ஆள் அவர்தாம் என்று கண்டதும் கதவு தானே திறக்கும். வரிசையில் மணிக்கணக்காக நின்றவருக்கு அரை நிமிடத்தில் வழி கிடைக்கிறது. இந்தப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்கு, அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் நாள்வரை, எது முந்தியதோ அதுவரை செல்லும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. இத்திட்டம் குடியேற்றச் சோதனையை மட்டுமே எளிதாக்குகிறது. உடலையும் பையையும் சோதிக்கும் பாதுகாப்புச் சோதனை எல்லாருக்கும் ஒன்றே. அதற்குக் காரணம் உண்டு. 1984 ஆகஸ்ட் 2 அன்று நமது மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிக்குள் வைத்த வெடிகுண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1985 ஜூன் 23 அன்று 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியதில் 329 உயிர்கள் போயின. கண்டிப்பான சோதனை இத்தகைய சாவுகள் கற்றுக்கொடுத்த பாடம். அதைக் கண்டு முகம் சுளிப்பது முறையன்று.

இனி, நம்பிக்கையின் பெயரால் அளிக்கப்படும் சலுகைக்கு ஓர் இயல்பு உண்டு: கொடுத்த கை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். பொய்த் தகவல் தந்தவருக்கும், உண்மையை மறைத்தவருக்கும் சலுகையை மறுப்பது நியாயமே. ஆனால் பிழை செய்யாதவருக்கு மறுத்தால்? அமெரிக்காவில் 'குளோபல் என்ட்ரி' என்ற பெயரில் இத்தகைய திட்டம் நெடுநாளாக உள்ளது. 2017 முதல் இந்தியக் குடிமக்களுக்கும் அதில் இடம் உண்டு. 2020 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு, நியூயார்க் மாநில மக்கள் எவரும் இதில் புதிதாகச் சேரவோ புதுப்பிக்கவோ இயலாது என்று அறிவித்தது. காரணம், ஓட்டுநர் உரிமப் பதிவேட்டைக் குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பதற்கு அம்மாநிலச் சட்டம் தடை விதித்திருந்தது. மாநிலம் நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டு ஜூலையில், தாங்கள் முன்பு கூறியவற்றுள் சில சரியல்ல என்று அரசு வழக்கறிஞர்களே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது, தடையும் நீங்கிற்று. இரண்டு அரசுகளுக்கு இடையிலான பிணக்கிற்காக, குற்றம் ஏதும் செய்யாத பயணிகள் ஐந்து திங்கள் இடருற்றனர். தனி மனிதரின் நடத்தையைப் பார்த்துத் தரும் நம்பிக்கையை, அவர் வாழும் ஊரைப் பார்த்துப் பறிப்பது நீதியாகாது.

இப்போது நமது மலைக்குத் திரும்புவோம். பெரக்கரை நாட்டிலிருந்து ஓர் இளைஞன் வளைகுடா நாடொன்றுக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அவன் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் இறங்கி, நாமக்கல் வழியே திருச்சி விமான நிலையத்தை அடைகிறான். அவனுக்கு முன்னே நிற்பவருக்கு இயந்திரக் கதவு அரை நிமிடத்தில் திறக்கிறது. அவன் முறை வந்ததும் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டுகிறார். அதில் 'இ.சி.ஆர்.' என்ற மூன்றெழுத்து இருக்கிறது. "அனுமதி எங்கே?" என்று கேட்கிறார்.

இந்த மூன்றெழுத்தின் பொருள் என்ன? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு இது. பத்தாம் வகுப்புத் தேறாதவர், அரசு குறித்துள்ள 18 நாடுகளுள் ஒன்றிற்கு வேலைக்குச் சென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் முன் அனுமதி பெற வேண்டும். சவுதி அரேபியா, குவைத், ஓமன், கத்தார், மலேசியா, தாய்லாந்து முதலியவை அப்பட்டியலில் அடங்கும். ஐம்பது வயதைக் கடந்தவர், வருமான வரி செலுத்துவோர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு.

"படிக்காதவன் என்பதற்காக ஐயப்படுகிறார்களா?" என்று அவன் மனம் நோகலாம். நோவதில் வியப்பில்லை. ஆயினும் அந்தக் கேள்வி அவனைக் குற்றவாளியாகக் கருதி எழுந்ததன்று. அவனை ஏமாற்றக்கூடியவனைக் கருதி எழுந்தது. அனுமதி பெறும்போது வேலை ஒப்பந்தம் பார்க்கப்படுகிறது. சம்பளம் இவ்வளவு, முதலாளி இன்னார் என்பது பதிவாகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டணத்தில், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் நேர்ந்தாலோ 10 இலட்சம் ரூபாய் தரும் காப்பீடும் சேர்கிறது. அயல்நாட்டில் இடர் வந்தால், "இவன் எங்கள் குடிமகன், இன்ன வேலைக்கு வந்தான்" என்று நமது தூதரகம் வாதிடுவதற்கு அந்தப் பதிவே சான்று.

இதை அறியாத குடும்பங்களிடம்தான் சில தரகர்கள் புகுந்து விளையாடுகின்றனர். "அனுமதிக்கெல்லாம் அலைய வேண்டாம், சுற்றுலா விசாவில் போகலாம், அதிகாரி கேட்டால் உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்" என்பது அவர்கள் ஓதும் பாடம். வேலைக்கல்லாமல் பார்வையாளராகச் செல்வோருக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பதே அவர்கள் நுழையும் சந்து. அந்த ஒரு பொய்யால் வாயில் திறந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவனுக்குப் பதிவான ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, விசா முடிந்ததும் சட்டத்தின் முன் நிற்க முகமும் இல்லை. சம்பளம் கேட்டால், "காவல் துறையிடம் சொல்வேன்" என்ற மிரட்டலே விடையாகும். சில ஆயிரங்களையும் சில வாரங்களையும் மிச்சப்படுத்தப் போய், ஒரு மகனின் பல ஆண்டுகளை அடகு வைக்கலாமா?

படித்தவருக்கு ஆபத்து இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2022-இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்ட தமிழ் இளைஞர் சிலர் மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டனர். பெரும் முயற்சிக்குப் பின்னரே அவர்கள் மீட்கப்பட்டனர். வாயில் விரைந்து திறந்தது என்பதற்காக, போகும் இடம் நல்ல இடம் என்று ஆகிவிடாது.

ஆகவே இரு திறத்தாருக்கும் கடமை உண்டு. அரசுக்கு நாம் சொல்வது இது: கேளுங்கள், ஆனால் மலையிலிருந்து வந்தவனுக்கும் புரியும் மொழியில், மரியாதையோடு கேளுங்கள். நிறுத்தினால் காரணத்தைச் சொல்லுங்கள். செல்வரின் வரிசையைக் குறுக்கக் காட்டும் அக்கறையில் பாதியை, உழைப்பாளியின் அனுமதியை எளிதாக்கவும் காட்டுங்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025-இல் வரைவு ஒன்று மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. எந்தச் சட்டம் வந்தாலும் எளியவனின் காவல் அதில் தளரக்கூடாது.

இல்லங்களுக்குச் சொல்வது இது: தரகருக்கு அரசு உரிமம் உண்டா என்பதை 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உரிமம் பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர அதிகம் வாங்கக்கூடாது. வாங்கியதற்கு இரசீது கேளுங்கள். தமிழ்நாடு அரசு 1978-இல் நிறுவிய அயல்நாட்டு மனிதவள நிறுவனத்திலும் விசாரியுங்கள். ஒப்பந்தத்தின் படி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள். மிளகு பறிக்கவும் மரவள்ளி பிடுங்கவும் கை ஒன்று குறைகிறதே என்று தோன்றலாம். ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டினாலே அந்த மூன்றெழுத்து இல்லாத கடவுச்சீட்டு கிடைக்கும். அதற்கும் மேலாக, தன் கையில் கொடுக்கப்படும் ஒப்பந்தத்தைத் தானே படித்து, "இதில் கையெழுத்திட மாட்டேன்" என்று சொல்லும் துணிவு அவனுக்கு வரும். விமான நிலையக் கதவை இயந்திரம் திறக்கட்டும். அந்தத் துணிவைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோரே.