வெம்பக்கோட்டை எலும்புகளும் பேசட்டும்

சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. கிடைத்த சங்கு வளையல்களும் பாசிமணிகளும் சுடுமண் பொருள்களும் அங்கு வாழ்ந்தோரின் கைத்திறனைக் காட்டின. அவர்கள் யார், எந்தக் கால்நடைகளை வளர்த்தார்கள் என்பதை எலும்பும் பல்லும்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் வெப்ப மண்ணில் எலும்பிலுள்ள மரபணு விரைவில் சிதைந்துவிடும். ஹரியானாவின் ராக்கிகடி தொல்லியல் களத்தில் 60-க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தும், 2019-இல் ஒருவரின் மரபணுத் தொகுதி மட்டுமே வெளியானது. புரதம் அதைவிட நெடுங்காலம் தாங்கும். பல் எனாமல் புரதம் ஆணா பெண்ணா என்று சொல்லும். எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம், சிறு துண்டு ஆட்டினுடையதா மாட்டினுடையதா என்பதைக் காட்டிவிடும்.

கீழடியை அடுத்த கொந்தகையின் முதுமக்கள் தாழி எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆராய்கிறது. அந்த வாய்ப்பு வெம்பக்கோட்டை அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்துக்கும் வேண்டும். எலும்புகளைக் கையுறை அணிந்து எடுப்பது, கழுவாமல் குளிரில் காப்பது, புரதச் சோதனையும் சேர்த்துச் செய்வது, முடிவு எதுவாயினும் வெளியிடுவது ஆகியவற்றை அரசு விதியாக்க வேண்டும். தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது. எனவே இதற்கான நிதியை அகழாய்வுச் செலவோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும்.