உத்தரவும் சட்டமும்

“மேலிடத்து உத்தரவு” என்று கேட்ட மாத்திரத்தில், வில்லியனூரிலும் பாகூரிலும் நமது குடியானவர்கள் மறுமொழியின்றித் திரும்பிவிடுகிறார்கள். அது யார் இட்டது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்ப் பிறந்தது என்று கேட்போர் அரியர். ஆகவே அச்சொல்லின் பொருளை விளக்குவது அவசியமென்று கருதுகிறோம்.

சட்டம் செய்வது ஜனப் பிரதிநிதிகளின் சபை. அதை நடத்திவைக்கும்பொருட்டு அதிகாரி இடும் கட்டளையே நிர்வாக உத்தரவு. சட்டம் வகுத்த எல்லையைத் தாண்டினால் அது நியாயஸ்தலத்தில் நில்லாது. 1952இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் உருக்காலைகளைக் கைப்பற்ற இட்ட உத்தரவை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே செல்லாதென்று தள்ளிற்று. அவசரச் சட்டம் வேறு. புதுச்சேரியில் 239-பி பிரிவின்படி அது பிறந்தால், சட்டசபை மீண்டும் கூடி ஆறு வாரம் கழிந்ததும் மாண்டுபோம். சாதாரண உத்தரவுக்கோ அத்தகைய ஆயுள்வரம்பு இல்லை. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

உத்தரவெல்லாம் தீதென்று நாம் சொல்லவில்லை. வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களானதே 1880 மார்ச் 12ந் தேதியிட்ட பிரெஞ்சு தெக்ரேயினால்தான். வாக்காளர் பட்டியலைப் பிரித்துவைத்த சூது ஒரு புறமிருக்க, அந்நியனுடைய அந்த உத்தரவுங்கூட ஊருக்கொரு தேர்ந்தெடுத்த சபையைத் தந்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்களே, அவர்களிற் பெரும்பாலார் கொம்யூன் சபையினரல்லவா?

அச்சபைகள் பின்னர் என்னவாயின? 1973இல் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்டது; தேர்தலோ 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006இல்தான் நடந்தது. 2011இல் அவற்றின் காலம் முடிந்தது. 2021இல் வந்த தேர்தல் அறிவிப்பு நீதிமன்றத் தடையோடு நின்றது. ஐந்தாண்டு முடியுமுன் மறு தேர்தல் நடத்த வேண்டுமென்பது அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு. அப்பிரிவு ஏட்டிலிருக்க, பத்தாண்டுக்கு மேலாக ஊர்களை ஆணையர்களே நடத்திவந்தார்கள். ஆணையர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் தெருவிளக்கு எரியாவிட்டால் அவரை வாக்கினால் நீக்க ஊராருக்கு வழியேது? உத்தியோகஸ்தர் தமது மேலதிகாரிக்கே பதில் சொல்வார்.

நமது ஊழியர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். கொம்யூன் அலுவலகத்தில் “உத்தரவு” என்று சொன்னால், அதன் எண், தேதி, சட்டப் பிரிவு மூன்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் 30 நாட்களுக்குள் பதில் தரும்படி அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. தேர்தலைத் தள்ளிவைத்த உத்தரவுகளின் நகல்களையும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம்.